இசைமணிக்கு வாங்கிய பொன்னாடை

இதனால் மலாக்கா நகர மகாஜனங்களுக்கும், விசேஷமாகக் காஜா பெராங் வட்டார ரசிக சிகாமணிகளுக்கும் அறிவிப்பது யாதெனில்: வெள்ளைக்காரன் நாட்டை நம்மிடம் கொடுத்துவிட்டுப் போன இந்தப் பொன்னான ஆண்டில், சுதந்திர மலாயாவின் முதல் ‘இசைமணி’ யார் என்பது அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலை, திடலில் கூடும் மக்களின் கைதட்டலால் தீர்மானிக்கப்படும். உலக இசை வரலாறு அன்றிலிருந்து இரண்டாகப் பிரியும்.

அறிவிப்பை எழுதியவர் ஆர்மோனியச் சக்கரவர்த்தி கலியாணசுந்தரம். சக்கரவர்த்திப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தவரும் அவரே. இசைமணிக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடையையும் அவரே தேர்ந்தெடுத்து, வீட்டு நிலைக்கண்ணாடி முன் தம் தோளில் போட்டுப் பார்த்து, கரை சரியாக விழுகிறது என்று திருப்தியான பிறகுதான் வட்டார இசைச் சங்கச் செயலாளர் சேதுராமனிடம் ஒப்படைத்தார். கைதட்டல் என்பது மட்டும் சேதுராமனின் யோசனை. நாடு ஜனநாயகம் ஆகிவிட்டதாம்.

அந்த யோசனைதான் வினையாயிற்று. போட்டிக்குத் தேவதாஸும் பெயர் கொடுத்தான்.

தேவதாஸ், பத்து பெரெண்டாம் என்கிற ஊர்ப்பக்கத்து ரப்பர் ஆலையில் ஃபிட்டர். ஊருக்குக் கப்பலேறிய துரை ஒருவர் விட்டுப்போன டேப் ரெக்கார்டர் அவன் கைக்கு வந்தது. ரப்பர் பாலை ஷீட்டாக நசுக்கும் உருளையின் ‘தடக் தடக்’, புகைக்கூட்டு இரும்புக் கதவின் கிறீச்சொலி, இரண்டு நிலையங்களுக்கு நடுவே ரேடியோ போடும் ஊளை எல்லாவற்றையும் நாடாவில் பிடித்தான். நாடாவை வெட்டி, வளையமாக ஒட்டி, சுற்றிச் சுற்றி ஓடவிட்டான். ஆள் கிடையாது, பாட்டு கிடையாது, மிருதங்கம் கிடையாது. சிங்கப்பூருக்குப் போய் அதை இசைத்தட்டுகளாக அடித்து, அட்டைப் புத்தகம்போல் கட்டி, ‘புகைக்கூடு’ என்று பெயர் வைத்து ஆல்பமாக வெளியிட்டான். அடுத்த ஆல்பத்துக்கு ‘கரி’ என்று பெயர். இரண்டுக்கும் அட்டை கறுப்பு. அவன் சட்டையும் கறுப்பு. வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. சாமி இல்லை என்கிற கட்சியில் சேர்ந்துவிட்டான் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். அவன் எதையும் மறுக்காமல், எதிர்காலத்தை உற்றுப் பார்ப்பவன்போல நடந்து போனான். பல தடவை வாசல்படியில் இடித்துக்கொண்டான்.

கலியாணசுந்தரத்துக்குச் சோறு இறங்கவில்லை. எட்டுப் பேர் குழுவைக் கட்டி மேய்த்து, தபேலாக்காரன் கோபித்தால் சமாதானம் பண்ணி, பிடில்காரனுக்கு ஜலதோஷம் என்றால் மிளகு ரசம் வைத்துக் கொடுத்து அவர் சேர்த்த பெயரை, ஒருத்தன் தனியாக உட்கார்ந்து பொத்தானை அமுக்கிச் சேர்ப்பதா?

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் பிச்சையின் இசைத்தட்டுக் கடை இருந்தது. பிச்சை மலாக்காச் செட்டி. நெற்றியில் விபூதி மணக்க மலாய் பேசுகிற, பல தலைமுறைக்கு முன் குடியேறிய வம்சம். கலியாணசுந்தரம் அங்கே போய், இருந்த ‘புகைக்கூடு’ அத்தனையையும் வாங்கிவந்து கட்டிலுக்கடியில் தள்ளினார். இனி யாரும் கேட்க முடியாதல்லவா? அடுத்த வாரம் வேவு பார்க்கப் போனபோது கடைவாசலில் தேவதாஸின் படம் பெரிதாகத் தொங்கியது.

“ஹாபிஸ் சுடா, அண்ணே,” என்றார் பிச்சை பூரிப்போடு. எல்லாம் தீர்ந்துவிட்டதாம். இப்படி ஒரே மூச்சில் தீர்ந்த ஆல்பத்தை அவர் கண்டதே இல்லையாம். இரண்டு மடங்கு வரவழைத்திருக்கிறாராம்.

கலியாணசுந்தரம் அவற்றையும் வாங்கினார்.

கட்டில் உயர்ந்துகொண்டே போவதைக் கவனித்த மனைவி ருக்மணி ஒருநாள் குனிந்து பார்த்தாள்.

“இவ்ளோ வாங்கி வெச்சிருக்கீங்களே, ஒரு தட்டாவது போட்டுக் கேட்டீங்களா?”

“சாக்கடைன்னு தெரிஞ்சுக்க வாய்ல ஊத்திப் பாக்கணுமா?”

“நான் கேட்டேன். மொளகா இடிக்க நல்லாத்தான் இருக்குது.”

அன்றைக்குச் சாம்பாரில் காரம் அதிகம் என்று அவர் சண்டை போட்டார்.

சனிக்கிழமை வந்தது. திடலில் மின்சாரம் இல்லாததால் சேதுராமன் மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார். தம் கச்சேரி முடியும்வரை அந்தச் சனியனை ஓட்டக்கூடாது, ஆர்மோனியத்தின் நுட்பம் கெட்டுவிடும் என்று கலியாணசுந்தரம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனவே கேஸ் விளக்கு வெளிச்சத்தில், மைக் இல்லாமல் வாசித்தார். நுட்பம் இரண்டாவது வரிசைவரை போயிற்று. கைதட்டலும் அங்கிருந்துதான் வந்தது. அதில் பாதி அவருடைய சொந்தக்காரர்கள்.

இறங்கிவந்து முன் வரிசையில் ருக்மணி பக்கத்தில் உட்கார்ந்தார். தேவதாஸ் கறுப்பாக மேடையேறி, பெட்டிக்கு முன் அமர்ந்து, தலை குனிந்து அசையாமல் இருந்தான்.

‘தடக்’ என்று எழுந்தது சத்தம். பிறகு ‘தடக் தடக்’. மூச்சுத் திணறுவதுபோல் ஒரு இடறல். மறுபடி பிடித்துக்கொண்டு, வேகம் கூடி, தரையே அதிர்ந்தது. கலியாணசுந்தரத்தின் பாதம் அவரைக் கேட்காமல் தாளம் போட்டது. அந்த இடறலை எப்படி யோசித்தான் இந்தப் பயல்? முப்பது வருஷ வாசிப்பில் தமக்கு இப்படி ஒன்று விழுந்ததில்லையே என்று வயிறு எரிந்தது. கண்ணும் கலங்கியது, அதற்காக இன்னும் எரிந்தது.

அப்போது மின்விளக்குகள் எரிந்தன. திடல் முழுவதும் ஆரவாரம். கைதட்டல் தெங்கேராவரை கேட்டிருக்கும்.

தீர்ந்தது கதை என்று அவருக்கு விளங்கிவிட்டது. இனிப் பொன்னாடையைச் சபை போர்த்தினால் அவர் தோற்றவர். அவரே போர்த்தினால்? மேதையைக் கண்டுபிடித்தவர். அவர் எழுந்தார்.

“உக்காருங்க,” என்று ருக்மணி வேட்டியை இழுத்தாள். “நான் சொல்றதக் கேளுங்க, அது வந்து...”

கையை உதறிவிட்டு மேடையேறி, சேதுராமன் மடியிலிருந்த பொன்னாடையைப் பிடுங்கி, தேவதாஸின் தோளில் போர்த்தினார். கரை அவனுக்கும் சரியாகத்தான் விழுந்தது.

“மகாஜனங்களே, இவனோட மேதைமைய மொதல்ல கண்டுகிட்டவன் நான்தான். இவனோட ஆல்பம் பூரா என் வீட்டுல இருக்குது. இப்ப நீங்க கேட்ட இந்த வாசிப்புக்கு முன்னால என் ஆர்மோனியம் தூசு.”

தேவதாஸ் முதன்முறையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தான்.

“அண்ணே,” என்றான் மெதுவாக, “நான் இன்னும் சுவிட்சே போடல.”

ஓடிக்கொண்டிருந்தது ஜெனரேட்டர்.