ராஜா செத்த வேகம்

மேடையில் விஷம் குடித்துச் சாவதில் ராஜபார்ட் நடிகரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரே குறை, அவர் செத்து முடிப்பதற்குள் பாதிக் கொட்டகை வீட்டுக்குப் போய்விடும். அந்த நாடகத்தைத்தான் இப்போது ஊமைப்படமாக எடுத்தார்கள். சாவுக் காட்சிக்கு வந்தபோது பிலிம் கொஞ்சம்தான் மிச்சம்.

"வசனத்த விட்டுட்டு சட்டுனு செத்துடுங்க மாமா. எப்படியும் யாருக்கும் கேக்கப் போறதில்ல," என்றான் கேமராவின் கைப்பிடியைச் சுற்றுகிற மைத்துனன்.

"ஒரு எழுத்து குறைஞ்சாலும் சாக மாட்டேன்டா!"

அக்கா புருஷனைப் பகைத்துக்கொண்டு அந்த வீட்டில் சோறு தின்ன முடியுமா? மைத்துனன் கைப்பிடியை மெல்லச் சுற்றினான். இருந்த பிலிமில் முழுச் சாவும் அடங்கியது. மெல்லச் சுற்றி எடுத்தது திரையில் தலைதெறிக்க ஓடும் என்பதை மட்டும் அவன் வாய் திறந்து சொல்லவில்லை.

முதல் காட்சியன்று மாமாவுக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டான். திரையில் ராஜா விஷத்தை மடக்கென்று விழுங்கினார், படபடவென்று மாரில் அடித்துக்கொண்டார், சுடுமணலில் கால் வைத்தவர்போல் சிம்மாசனத்தைச் சுற்றித் துள்ளித் தொப்பென்று விழுந்தார். கொட்டகை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

மாமாவின் கை மைத்துனன் கழுத்துக்கு நீண்டது. அதற்குள் பின்னாலிருந்து கூச்சல்: "ஒன்ஸ் மோர்! ராஜா திரும்பச் சாவணும்!"

மாமா திரும்பிப் பார்த்தார். ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை. கழுத்துக்கு வந்த கை தோளில் இறங்கியது.

"அடுத்த படத்துல இன்னும் மெதுவா சுத்துடா," என்றார்.