கடலுக்குள் ஒரு வரப்பு

என் பக்கத்து வீட்டு பாலகோபாலுக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு கம்பெனி, ஊருக்கு வெளியே தோட்டம். அந்தத் தோட்டத்து வரப்பு வருஷம் ஒரு சாண் பக்கத்துக்காரர் காட்டுக்குள் நடந்துபோகும். இன்னும் இருபது வருஷம் விட்டால் மேட்டுப்பாளையமே அவர் வேலிக்குள் வந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவருக்கு அப்பா விட்டுப்போனது மரக்காணத்தைத் தாண்டிக் கடற்கரையோரம் ஒரு மனை. வடக்குப் பாதி இவருக்கு, தெற்குப் பாதி தங்கை ராமாமணிக்கு. இவர் தன் பாதியில் அரண்மனை மாதிரி ஒரு பங்களா எழுப்பினார். ராமாமணி ஒரே ஒரு ஓட்டு அறை கட்டி, முன்னால் சவுக்கு நட்டாள். அந்தப் பாதியையும் எழுதிக் கொடு என்று இவர் கேட்காத நல்ல நாள் இல்லை. அவள் சிரித்துக்கொண்டே மறுப்பாள்.

போன கார்த்திகையில் என்னையும் காரில் போட்டுக்கொண்டு அங்கே போனார். அலை மணலை வடக்கிலிருந்து தெற்கே அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்ததும் அவருக்கு முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது.

"பாத்தீங்களா திருமூர்த்தியண்ணா? நம்மூருப் பள்ளத்துத் தண்ணியாட்டவேதானுங்க. குறுக்க ஒரு தடுப்பணை போட்டா மண்ணு பூரா நம்மகிட்ட நின்னுக்கும். கீழ்க்காட்டுக்கு ஒரு பொடி போவாது."

"கீழ்க்காட்டுக்காரி உங்க தங்கச்சிங்க."

"அதுக்குத்தானுங்க சொல்றேன். மண்ணு போனா தானா எழுதிக் குடுத்துபோடுவா."

இரண்டு மனைக்கும் நடுவே கடலுக்குள் நீளும்படி பாறாங்கல் சுவர் எழுந்தது. நாலாயிரம் லாரி கல் என்பேன். நாற்பது என்று டிரைவர் சொல்வது வெறும் பொறாமை. கல் இறக்கும்போது பாலகோபாலுக்குப் பழக்கம் விடவில்லை. எல்லைக் கல்லைத் தாண்டி, தங்கை நிலத்துக்குள் இரண்டு முழம் தள்ளியே சுவரைப் போட்டார்.

தை பிறப்பதற்குள் பங்களா முன்னால் மணல் மலையாகக் குவிந்தது. அந்தப் பக்கம் ராமாமணியின் சவுக்குகள் ஒவ்வொன்றாகக் கடலில் சாய்ந்தன. இங்கே ஊஞ்சலில் உட்கார்ந்து செல்போனில் பங்களா கேமராவைப் பார்ப்பதே பாலகோபாலுக்குப் பொழுதுபோக்கு. 'இன்னைக்கு ரெண்டு மரம் காலி' என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். ராமாமணி பதிலுக்கு ஒரு கும்பிடு படம் போடுவாள்.

பள்ளத்துத் தண்ணீர் எந்த மாசமும் மலையேறாது. கடலுக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. பங்குனியில் காற்று திரும்பியது. மணல் தெற்கிலிருந்து வடக்கே நடக்க ஆரம்பித்தது. நேராக வந்து சுவரில் முட்டி, ராமாமணியின் ஓட்டு அறை வாசலில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது. சுவருக்கு இந்தப் பக்கம் வர வழியில்லை. பசியோடு இருந்த கடல் பங்களா முன்னால் இருந்ததைத் தின்ன ஆரம்பித்தது. ஆனியில் மணல் மலை போயிற்று. ஆடியில் காம்பவுண்டு போயிற்று.

ஓர் ஆடி வெள்ளி காலையில் பாலகோபால் செல்போனும் கையுமாக எதிர்த் தெருவிலிருக்கும் தங்கை வீட்டுக்கு ஓடினார். இப்படியொரு காட்சியை விடலாமா? நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அம்மணி, அந்தச் செவுத்த எடுத்துபோடறேன். ஜேசிபி அங்கயே நிக்குது. நீ செரின்னு ஒரு வார்த்தை சொல்லு."

"வாங்கண்ணா, ஒக்காருங்க. எந்தச் செவுருங்க?"

"நான் கட்டுனதுதான்!"

"ஏனுங்கண்ணா, சர்வேயர வெச்சு அளந்தாச்சுங்களே. அது என்ற எடத்துலதானுங்க நிக்குது. என்ற செவுத்த நான் எதுக்குங்க இடிக்கோணும்?"

"ஊடு போயிருமடி!"

"அச்சச்சோ" என்றாள் ராமாமணி. "எங்க, காட்டுங்க பாக்கலாம்."

போனை வாங்கித் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து, எனக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள். புண்ணியவதி. திரையில் போர்டிகோ தூண் மடிந்தது. மாடி பால்கனி தலைகுப்புற விழுந்தது. அடுத்த அலை கேமராவைப் பார்த்து வந்தது. அத்தோடு படம் நின்றது. பாலகோபால் போட்ட சத்தத்தில் சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிகளில் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோயிருக்கும்.

"அழுவாதீங்கண்ணா" என்று இலையைப் போட்டாள் ராமாமணி. "ஆயுத பூசை லீவுக்குப் புள்ளைங்களக் கூட்டிட்டு அங்க போறனுங்க. நீங்களும் வாங்க, என்ற மணல்லயே ஒக்காந்துக்கலாம். தண்ணிக்குள்ள மட்டும் எறங்கிராதீங்க, உங்கூட்டுக் கம்பி கால்ல குத்திப்போடும்."

பாலகோபால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு இட்லி சாப்பிட்டார். பன்னிரண்டு சாப்பிட்டார், சட்னியை இரண்டு தடவை கேட்டு வாங்கினார் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.