கையெழுத்துப் போட்ட நாற்பத்தொரு பேர்

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் வருடம் ஆனி மாதம் பதினோராம் தேதி, பிறக்காத ஆட்கள் நாற்பத்தொரு பேர் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டிலுள்ள கிளை நூலகத்துக்கு வந்து, செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, நாற்காலிக்கு ஒருவராக உட்கார்ந்தார்கள். வெளியே சாரல். ஒருவர் சட்டையிலும் பொட்டு ஈரமில்லை. நூலகர் நூர்நிஷா வருகைப் பதிவேட்டைப் பார்த்தாள், தலைகளை எண்ணினாள், சரியாக இருந்ததால் மத்தியானச் சோற்றைத் திறந்தாள்.

அவர்களை உண்டாக்கியவள் அவள்தான். தினம் நாற்பது கையெழுத்துக்குக் குறைந்தால் கிளையை மூடிவிடுவதாக மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. படித்தபோது அவளுக்குத் திக்கென்று இருந்திருக்க வேண்டும், இல்லை. சவூதியில் தமாமிலிருந்து கணவன் வெள்ளிதோறும் அனுப்பும் குரல் பதிவைக் கேட்கிற அதே முகம். உள்ளபடி நூலகத்துக்கு ஆள் வராமல் இல்லை. பக்கத்து நூல் மில்லில் ஷிப்டு முடிந்த பெண்கள் நாலு மணிக்கு வந்து, புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஐந்து மணிவரை சும்மா இருப்பார்கள். அந்த மில்லின் இரைச்சலுக்கு மூன்று மைல் சுற்றளவில் காக்கைகள் கரைவதை விட்டுப் பல வருஷமாகிறது. அங்கே வேலை பார்க்கிறவள், வீட்டில் அண்டா உருண்டால் மூன்றாம் நாள்தான் திரும்பிப் பார்ப்பாள். நூலகத்தில் கழிகிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவர்களில் ஒருத்தியான முத்துச்செல்விக்குத் தன் மூச்சே கேட்கும். ஆனால் கையெழுத்துப் போடமாட்டாள். அறுந்த இழையை முடிந்து முடிந்து அவள் விரல்கள் மரத்துவிட்டன. ஊசியை ஏற்றினாலும் ரத்தம் அரைமணி யோசித்துவிட்டுத்தான் வரும். பேனா எப்படி நிற்கும்? மற்றப் பெண்களுக்கும் அதே கதி. ஆகவே நூர்நிஷா, ஜன்னலுக்கு வெளியே போகிற பஸ்களின் போர்டைப் பார்த்து, சுரண்டை சுப்பையா, ஆலங்குளம் அருணாசலம் என்று நாற்காலிக்கு ஒரு பெயராக எழுதி, நாற்பத்தொரு விதமாகக் கையெழுத்தும் போட்டாள். அவசரத்தில் 'தொழில்' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டாள்.

தொழில் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? திறக்கும்போது வந்து பூட்டும்போது போனார்கள். படிக்கவில்லை, தூங்கவில்லை, இருமக்கூட இல்லை. நாலு மணிக்கு வந்த முத்துச்செல்விக்கு இடமில்லை.

"ஏக்கா, யாருக்கா இவங்கல்லாம்? நான் எங்கன உக்கார?"

"ஏட்டி, சத்தம் போடாத. அவங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீ போட்டியா?"

"எட்டு மணி நேரம் நின்னுட்டு வாரேன். இங்கனயும் நிக்கவா?"

எட்டு நாள் நின்றாள். ஒன்பதாம் நாள் நூர்நிஷா, கோபமோ இரக்கமோ இல்லாமல் பேனாவை எடுத்து, நாற்பத்தொரு கட்டத்திலும் 'மில் வேலை' என்று எழுதினாள். மறுநாள் காலையில் அவர்கள் நேரே மில்லுக்குப் போய் மெஷின்முன் நின்றார்கள். கூலி கேட்கவில்லை, டீ கேட்கவில்லை, ஒதுங்க இடம் கேட்கவில்லை. நிலாவைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாலும் மிச்சம் இருக்கும் என்கிற அளவுக்கு ஒரே வாரத்தில் நூல் குவிந்தது. நிஜப் பெண்கள் நாற்பத்தொரு பேரை மில் வீட்டுக்கு அனுப்பியது, முதல் ஆள் முத்துச்செல்வி. அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. காலையிலேயே நூலகத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

"இப்ப இடம் இருக்குல்லா?" என்றாள் நூர்நிஷா.

"ஒரு மணி நேரந்தானக்கா கேட்டேன்?" முத்துச்செல்வி குரலை உயர்த்தவில்லை. "நாள் பூரா இங்கன உக்காந்துட்டு, உலையில எதப் போட? இந்தப் பேப்பரையா?"

நூர்நிஷா யோசித்தாள். பதிவேட்டில் அடிக்கக்கூடாது, அடித்தால் ஒவ்வோர் அடித்தலுக்கும் அதிகாரியின் கையெழுத்து வேண்டும். சேர்ப்பதற்குத் தடையில்லை. வாத்தியார்களும் தாசில்தார்களும் கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்வதுபோல, 'மில் வேலை'க்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஓய்வு' என்று நாற்பத்தொரு முறை எழுதினாள்.

அன்று மத்தியானமே அவர்கள் ஓடுகிற மெஷினை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். இம்முறை சும்மா இருக்கவில்லை. ஓய்வு பெற்றவர்கள் அல்லவா! ஃபேன் வேகம் போதாது என்றார்கள். பேப்பரின் நடுப்பக்கத்துக்குச் சண்டை போட்டார்கள். அருவியில் அந்தக் காலத்துத் தண்ணீர் இப்போது இல்லை என்றார் ஆலங்குளம் அருணாசலம், உண்டாகியே இருபது நாள் ஆனவர். மறுநாள் விடியுமுன்னே மில் ஜீப் முத்துச்செல்வியின் வீட்டு வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், நாலு மணிக்கு அவள் வந்தாள். நாற்காலிகள் நிறைந்திருந்தன. சற்று நேரம் பார்த்தாள். பிறகு நேரே போய், சுரண்டை சுப்பையாவின் மேலேயே உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளும்மா, பேப்பர் மறைக்கி."

"நீங்க தூக்கிப் பிடிங்க அண்ணாச்சி."

மற்றப் பெண்களும் ஆளுக்கொரு மடியாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் அதிகாரி சோதனைக்கு வந்தார். நாற்காலிக்கு இரண்டாக எண்பத்திரண்டு தலைகளை எண்ணினார். 'இருக்கை வசதி போதுமானது' என்று எழுதிவிட்டு, சீசன் நேரமாதலால் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனார். ஐந்து மணிக்கு முத்துச்செல்வி எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தாள். சுப்பையா ஒரு காலின்மேல் மறுகாலைப் போட்டுக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார்.