அத்தை வேஷம்

வலங்கைமானில் ஒவ்வொரு பொங்கல் விடுமுறைக்கும் குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து பார்க்கிற மாதிரி ஒரு நாடகம் போடுவார்கள். நடிப்பவர்கள் யாருக்கும் நடிப்பு தொழில் அல்ல. உரக்கடை வைத்திருக்கும் சதீஷ்தான் ராஜா. வசனம் எழுதி இயக்குபவர் பள்ளி ஆசிரியை தஹ்மீனா. ராஜாவின் வாயாடி அத்தையாக ஓர் ஆண் சேலை கட்டிக்கொண்டு வருவார். அதைப் பார்க்கவே பாதிக் கூட்டம் வரும்.

இந்த வருடம் அத்தை வேஷக்காரருக்குக் கால் முறிந்துவிட்டது.

"மருதையண்ணே, நீங்க செய்யுங்க" என்றார் தஹ்மீனா.

மருதையன் குழுவில் திரை இழுக்கிறவர். மதகு திறந்து மூடும் லஸ்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். மனைவி பொன்னுத்தாய் இறந்து இரண்டு வருடம். மகள் தமிழ்நிலாவுக்கு ஓசூரில் வேலை. சாயங்காலங்களில் வீட்டில் இருப்புக் கொள்ளாமல்தான் குழுவுக்கு வர ஆரம்பித்திருந்தார்.

ஒத்திகையின் மூன்றாம் நாள், பேசாமல் உட்கார்ந்திருக்கும் ராஜாவை அத்தை திட்டுகிற இடத்தில் அவருக்கு வசனம் மறந்துபோனது. என்ன தோன்றியதோ, இடுப்பில் கையை வைத்தார்.

"ஏய்யா, வாயில என்ன மதகா போட்டு வச்சிருக்கு? கொஞ்சம் தொறந்து விடுய்யா, நாலு வார்த்த பாயட்டும்!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது பொன்னுத்தாய் முப்பது வருடம் அவரிடம் சொன்னது. இழுவையும் தலையாட்டலும்கூட அவளுடையவை. "இத அப்படியே வச்சுக்குவோம்" என்றார் தஹ்மீனா.

அதன்பிறகு வீட்டிலும் அந்தக் குரல் வந்தது. உலை வைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அவள் சொல்வதைச் சொல்லிப் பார்த்தார். பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. அவள் இருந்தபோதும் அவர் பெரிதாகப் பதில் சொன்னதில்லை.

காணும் பொங்கலன்று கல்யாண மண்டபத்தில் நாடகம். தமிழ்நிலா முன்வரிசையில் இருந்தாள். அத்தை வாயைத் திறந்த போதெல்லாம் மண்டபம் அதிர்ந்தது. முடிந்ததும் மருதையன் பவுடரைக்கூடத் துடைக்காமல் மகளைத் தேடினார். அவள் வெளியே செருப்பு விடும் இடத்தில் நின்றிருந்தாள்.

"அது அம்மாதானேப்பா?"

"ஆமாம்மா."

"ஊரே சிரிக்குது."

"அம்மா பேசுனா எப்பவும் சிரிப்பாங்கதானே."

"அப்ப அம்மா சிரிக்க வச்சாங்க. இப்ப அம்மாவப் பாத்து சிரிக்கிறாங்க."

அவர் சேலைத் தலைப்பால் முகத்துப் பவுடரைத் துடைத்தார். மறுநாள் காலை அவள் ஓசூருக்கு பஸ் ஏறினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் அதே நாடகம். மருதையன் காகிதத்தில் எழுதியிருந்ததை மட்டும் தன் சொந்தக் குரலில் சொன்னார். அத்தை வழுக்கி விழுந்த இடத்தில் குழந்தைகள் சிரித்தார்கள். மற்ற இடங்களில் யாரோ இருமுவது கேட்டது.

"என்னண்ணே, மதகு வசனத்த விட்டுட்டீங்க?" தஹ்மீனா வேனில் கேட்டார்.

"அது வீட்டுப் பேச்சு டீச்சர்."

தஹ்மீனா தன் டிபன் டப்பாவைத் திறந்து இரண்டு சமோசா எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து தமிழ்நிலா கூப்பிட்டாள். நாடகம் எப்படி நடந்தது என்று கேட்டாள். சொன்னார். அந்தக் குரலை விட்டுவிட்டதையும் சொன்னார்.

"அப்பா, அன்னிக்கு அப்படி சொல்லிட்டேன். ஆனா அந்தக் குரல் காதுலயே நிக்குது. எனக்கு மட்டும் ஒரு தடவ பேசுங்களேன்."

மருதையன் எழுந்து நின்றார். போனைக் காதில் அணைத்துக்கொண்டு இடுப்பில் கை வைத்தார். வாயைத் திறந்தார். அவருடைய குரல்தான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் முயன்றார்.

"வரலம்மா" என்றார்.

"பரவால்லப்பா."

இருவரும் போனை வைக்கவில்லை. அவள் பக்கத்தில் லாரிகள் ஓடும் சத்தம் அவருக்குக் கேட்டது. இந்தப் பக்கம் வயலில் அறுவடை மிஷின் ஓடுவது அவளுக்குக் கேட்டிருக்கும்.