ஆளில்லாத லேப்டாப்

சுபாஸ்ரீயின் முகத்தை விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு ஏற்றுக்கொள்ளவில்லை. கேமராவுக்கு முன்னால் நின்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள், மாட்டினாள், நெற்றி முடியை ஒதுக்கினாள், ஒருமுறை சிரித்துக்கூடப் பார்த்தாள். திரையில் சிவப்பு வட்டம்தான் வந்தது. கதவு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆதார் படத்தைக் கரூரில் எடுத்தபோது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தப் பெண் வேறு, இந்தப் பெண் வேறு என்று இயந்திரம் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது.

பக்கத்து வழியில் ஷர்மிளா நடையைக்கூடக் குறைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள், கதவு திறந்தது, உள்ளே போய்விட்டாள். அந்தப் பக்கம் நின்று திரும்பி, "அக்கா, டென்ஷன் நக்கோ, வேணாம். சாதா லைன்ல வாங்க, நான் உள்ள இருக்கேன்," என்றாள்.

சாதா லைன். அந்த வார்த்தை சுபாஸ்ரீயின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

இருவருக்கும் கச்சிபௌலியில் ஒரே கம்பெனி, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் வேலை. ஷர்மிளா சேர்ந்தபோது அவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்ததே சுபாஸ்ரீதான். போன ஏப்ரலில் டீமுக்குத் தலைமை யார் என்று வந்தபோது மேனேஜர் ராகவேந்திரா ஷர்மிளாவின் பெயரைச் சொன்னார். இன்றைக்குப் புனேவில் ஒரு வாடிக்கையாளருக்குப் புதிய மென்பொருளை இயக்கிக் காட்ட வேண்டும். அதை ராப்பகலாக உட்கார்ந்து செய்தவள் சுபாஸ்ரீ. எழுந்து நின்று பேசப்போகிறவள் ஷர்மிளா. "நீங்க பக்கத்துல இருங்க, டெக்னிக்கலா ஏதாவது கேட்டா எடுத்துக் குடுங்க," என்று ராகவேந்திரா சொல்லியிருந்தார்.

ஷர்மிளாவின் தாத்தா அரக்கோணத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவர். அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் செகந்தராபாத் ரயில்வே காலனியில். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் இந்தி. யாரிடம் போனாலும் அவர்கள் பாஷையில் இரண்டு வார்த்தை பேசி, ஒரு சிரிப்பைப் போட்டு, காரியத்தை முடித்துக்கொண்டு வந்துவிடுவாள். சுபாஸ்ரீ கொண்டாப்பூருக்குக் குடிவந்து எத்தனையோ வருஷமாகியும் தெலுங்கில் காய்கறி விலை கேட்பதோடு சரி. இந்தி என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

செக்யூரிட்டியில் ஆண்களுக்கு வரிசை வரிசையாக வழி இருந்தது. பெண்களைச் சோதிக்கத் துணி மறைத்த ஒரே கூண்டு. அதற்கு முன்னால் கைக்குழந்தைக்காரிகள், கையில் மருதாணி காயாத கல்யாணப் பெண், சக்கர நாற்காலியில் ஒரு பெரியம்மா. ஆண்கள் பெல்ட்டை மாட்டிக்கொண்டே போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற ஒருத்தி, "நாமெல்லாம் டிக்கெட் வாங்காமலா வந்தோம்?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

கூண்டைத் தாண்டி வந்தபோது சுபாஸ்ரீயின் பை தனியாக ஒதுக்கப்பட்டிருந்தது. பாதுகாப்புப் படைப் பெண் ஒருத்தி அதைத் திறந்து டிபன் பாக்ஸை வெளியே எடுத்தாள். மூடியைத் திறந்தாள். இட்லி. அதன் மேல் தட்டில் சின்ன எவர்சில்வர் டப்பா. அதையும் திறந்தாள். சிவப்பாகப் பொடி.

"யே க்யா ஹை?"

"பொடி," என்றாள் சுபாஸ்ரீ. அந்தப் பெண்ணின் புருவம் உயர்ந்தது. "இட்லி... கானா... மிளகாய்... மிர்ச்சி..." ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் டப்பாவை மூக்கருகே கொண்டுபோய்ச் சட்டென்று விலக்கினாள். பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதத்தால் பையைத் துடைத்து, வெடிமருந்து இருக்கிறதா என்று பார்க்க அந்தக் காகிதத்தை மெஷினில் வைத்தாள். பையிலிருந்த சார்ஜர், சீப்பு, மாற்று உடை எல்லாம் மேஜையில் பரப்பப்பட்டன. உள்பாவாடை எல்லோர் கண்ணிலும் படும்படி மேலே கிடந்தது.

அப்போது, முன்பே கூண்டைத் தாண்டிப் போயிருந்த ஷர்மிளா வந்தாள். இருவருடைய லேப்டாப் ட்ரேக்களும் அப்போதுதான் வெளியே வந்திருந்தன. இந்தியில் கடகடவென்று ஏதோ சொன்னாள். இது எங்க ஊரு சட்னி மாதிரி, இந்த அக்கா கையால செஞ்சது, ஒரு தடவ சாப்பிட்டீங்கன்னா விடமாட்டீங்க என்கிற மாதிரி. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். இவ்வளவு நேரம் கல் மாதிரி இருந்த முகத்தில் சிரிக்கும் வாயும் இருந்திருக்கிறது.

"பையை மட்டும் இன்னொரு தடவ மெஷின்ல விடுவாங்களாம். அவ்ளோதான் அக்கா," என்றாள் ஷர்மிளா. அதற்குள் அவள் போன் அடித்தது. "ராகவேந்திரா சார். நான் லவுஞ்ச்ல போய் பேசறேன், நீங்க வந்துடுங்க." போனைக் காதில் வைத்துக்கொண்டே ட்ரேயிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்துப் பையில் செருகிக்கொண்டு நடந்தாள்.

நன்றி சொல்ல வேண்டும் என்று சுபாஸ்ரீக்குத் தெரிந்தது. வாய் வரவில்லை. தன்னால் ஆகாததை இன்னொருத்தி வந்து சிரித்து முடித்துவைத்தது அந்தப் பொடி வாங்கிக் கொடுத்த அவமானத்தைவிடப் பெரிதாக எரிந்தது.

பை ஒருவழியாகக் கைக்கு வந்தது. பெல்ட்டின் முனையில் ஒரு ட்ரே மட்டும் நின்றது. அதில் கம்பெனி லேப்டாப். கையில் எடுத்ததுமே தெரிந்தது, அது அவளுடையதல்ல. மூடியின் ஓரத்தில் மஞ்சள் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். ஆபீஸுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்த நாளில் ஷர்மிளாவின் மகள் ஒட்டியது. தினமும் பக்கத்து மேஜையில் பார்க்கிற பட்டாம்பூச்சி. அப்படியென்றால் தன்னுடையது ஷர்மிளாவின் பையில் போய்விட்டது.

கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றுதான் கிளம்பினாள். அதுவரை அவள் மனதில் வேறெதுவும் இல்லை.

வழியில் பயணிகள் உதவி மையம் என்று எழுதிய கவுண்டர் இருந்தது. சட்டையில் சாய்குமார் என்ற பெயர்ப்பட்டையோடு ஓர் இளைஞன் நின்றான். சுபாஸ்ரீ நின்று, திக்காமல் நிதானமான ஆங்கிலத்திலேயே, பெண்களுக்கு ஒரே கூண்டு இருப்பதையும், சாப்பாட்டையும் துணிமணியையும் எல்லோர் முன்னாலும் பரப்பியதையும் சொன்னாள். அவன் முழுவதும் கேட்டான், தலையை ஆட்டினான், பிறகு மேஜையில் ஒட்டியிருந்த கட்டம் கட்டமான குறியீட்டைக் காட்டி, "ஸ்கேன் பண்ணி ஃபீட்பேக் குடுங்க மேடம்," என்றான்.

"நான் உங்ககிட்டதானே சொல்றேன்?"

"செக்யூரிட்டி எங்க டிபார்ட்மெண்ட் இல்ல மேடம்." அதே புன்னகை. அது அவளுக்காக வந்த புன்னகை அல்ல, காலையில் சட்டையோடு சேர்த்து மாட்டிக்கொண்டது.

ஸ்கேன் செய்தாள். ஐந்து நட்சத்திரம் வந்து நின்றது. எதை அழுத்தினாலும் அடுத்த பக்கம் திறக்கவில்லை.

நிமிர்ந்தபோது எதிரே லவுஞ்சின் கண்ணாடிச் சுவர் தெரிந்தது. உள்ளே ஷர்மிளா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். முன்னால் தட்டு நிறையப் பழம். உள்ளே விட அவளிடம் ஏதோ ஒரு கார்டு இருந்தது. சுபாஸ்ரீயிடம் இல்லை. ஷர்மிளா எதற்கோ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். ராகவேந்திராதான் அந்தப் பக்கம். தன்னிடம் அவர் ஒரு நாளும் சிரிக்கிற மாதிரி பேசியதில்லை என்று சுபாஸ்ரீக்குத் தோன்றியது. கதவு திறக்கிறது, படைக்காரி சிரிக்கிறாள், சோபா காத்திருக்கிறது. நான் செய்ததை அவள் காட்டப்போகிறாள், அதற்கும் கைதட்டுவார்கள்.

சுபாஸ்ரீ கவுண்டர் பக்கம் திரும்பினாள். லேப்டாப்பை மேஜைமேல் வைத்தாள். பட்டாம்பூச்சி கீழே போகும்படி வைத்தாள்.

"இது ட்ரேல கிடந்தது. யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க."

"யாரோடதுன்னு தெரியுமா மேடம்?"

"தெரியாது," என்றாள்.

விமானம் ஏறும் கேட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். நான் செய்ததில் என்ன தப்பு? கேட்பாரில்லாத பொருளைக் கண்டால் ஊழியரிடம் கொடு என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். கொஞ்சம் அலையட்டும். கொஞ்ச நேரம் அவளும் சாதா ஆளாக இருக்கட்டும். அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை. நினைக்க மனதை விடவில்லை.

விமானத்துக்கு வரிசை ஆரம்பித்தபோது ஷர்மிளா ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"அக்கா, சாரி, உங்க லேப்டாப்ப நான் எடுத்துட்டு வந்துட்டேன். திறந்தா உங்க பேர் வருது. என்னோடது உங்ககிட்டதானே?"

"என்கிட்ட இல்லையே."

"ட்ரேல?"

"ஒண்ணு கிடந்தது. யாருதுன்னு தெரியலைன்னு ஹெல்ப் டெஸ்க்ல குடுத்துட்டேன்."

ஷர்மிளாவின் முகம் தெளிந்தது. "அப்பாடா. நல்ல வேல பண்ணீங்க. வாங்க அக்கா, ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடலாம்."

சாய்குமாரிடம் லேப்டாப் இல்லை. பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டானாம். அங்கே போனால், விமான கம்பெனி ஆள் வந்து சொன்னால்தான் தருவோம் என்றார்கள். விமான கம்பெனி ஆள், இது எங்களிடம் ஒப்படைத்த பொருளே அல்ல என்றான். திரும்ப சாய்குமார். ஷர்மிளா தெலுங்கில் கேட்டாள், இந்தியில் கேட்டாள், சிரித்துப் பார்த்தாள், குரலை உயர்த்தியும் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் அவனிடம் அதே புன்னகைதான். சூப்பர்வைசர் வர வேண்டும், கம்பெனியிலிருந்து மெயில் வர வேண்டும், கேமராப் பதிவு பார்க்க வேண்டும். ஷர்மிளாவின் மேலுதட்டில் வியர்வை பூத்தது. பக்கத்தில் நின்ற சுபாஸ்ரீக்கு அதைப் பார்க்க இதமாக இருந்தது. வெயிலில் வந்தவளுக்குத் தண்ணீர் கிடைத்த மாதிரி இருந்தது. அதை அவளே உணர்ந்தபோது கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"ஏதாவது அடையாளம் சொல்லுங்க மேடம்," என்றான் சாய்குமார்.

"மூடியில மஞ்சள் பட்டர்ஃபிளை இருக்கும். என் பொண்ணு ஒட்டினது."

"ஆமா, இருக்கு. உள்ள அனுப்பறப்ப திருப்பினேன், அப்பதான் பாத்தேன்." அவன் சுபாஸ்ரீயைக் காட்டினான். "இந்த மேடம்தான் குடுத்தாங்க. யாரோடதுன்னு கேட்டேன், தெரியாதுன்னாங்க."

ஷர்மிளா மெதுவாகத் திரும்பினாள். கோபமாகப் பார்த்திருந்தால் சுபாஸ்ரீயும் ஏதாவது சொல்லியிருப்பாள். அவள் வெறுமனே பார்த்தாள், கணக்கு ஒத்துப்போகாத ஒரு பக்கத்தை மறுபடி படிப்பதுபோல. ஒலிபெருக்கி இருவர் பெயரையும் சொல்லிக் கடைசி அழைப்பு என்றது.

பையிலிருந்து சுபாஸ்ரீயின் லேப்டாப்பை எடுத்து நீட்டினாள். "நீங்க போங்க. ஃப்ளைட் போயிடும்."

"நீ?"

"கம்பெனி சொத்து. விட்டுட்டு வர முடியாது. நீங்களே பிரசெண்ட் பண்ணிடுங்க. சார்கிட்ட நான் பேசிக்கிறேன்."

விமானத்தில் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. சுபாஸ்ரீ தன் கைப்பையை அதில் வைத்தாள், பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புனேவில் முதல் சில நிமிடங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் திரையைப் பார்த்தே பேசினாள். பிறகு அவள் செய்த வேலையே அவளை இழுத்துக்கொண்டு போனது. கேள்வி கேட்டார்கள், அவளுக்குத் தெரியாத கேள்வி ஒன்றுகூட இல்லை. முடிந்ததும் அங்கிருந்த ஓர் அதிகாரி, "இதை நீங்களே செய்தீர்களா?" என்று கேட்டார். "ஆமாம்," என்றாள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருஷமாகக் காத்திருந்தாள். அது வாயைவிட்டு வெளியே போனதும் ஒன்றும் மிச்சமில்லாததுபோல் இருந்தது.

வெளியே வந்து போனைப் பார்த்தாள். ராகவேந்திராவின் செய்தி: 'ரொம்ப நல்லா போச்சுன்னு கேள்விப்பட்டேன். ஷர்மிளா எல்லாத்தையும் சொன்னாங்க.'

எல்லாத்தையும் என்றால்? அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

மறுநாள் ஆபீஸ் கேன்டீனில் டீம் முழுக்கச் சுற்றி உட்கார, ஷர்மிளா நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கவுண்டர் கவுண்டராக அலைந்தது, சாய்குமாரின் புன்னகை, சாயங்காலம் கடைசியில் வந்த சூப்பர்வைசர் ஸ்டிக்கரைப் பார்த்து "இது பட்டாம்பூச்சியா, வௌவாலா?" என்று கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். "யாரோ ஒரு மகராசி எடுத்துக் குடுத்திருக்காங்க, இல்லேன்னா அதுவும் போயிருக்கும்," என்றாள். "சுபாஸ்ரீ மட்டும் இல்லேன்னா புனே காலிதான். அசத்திட்டாங்க." எல்லோரும் சுபாஸ்ரீக்குக் கைதட்டினார்கள். ஷர்மிளாவும் தட்டினாள். கண் மட்டும் இந்தப் பக்கம் வரவில்லை. அக்கா என்ற சொல் போய்விட்டதை வேறு யாரும் கவனிக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை? பெருந்தன்மையா, பின்னால் ஒரு நாளைக்கென்று எடுத்து வைத்திருக்கிறாளா? சுபாஸ்ரீக்குப் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. இதே காரியம் தனக்கு நடந்திருந்தால் பொழுது சாய்வதற்குள் நாலு பேரிடம் சொல்லியிருப்பாள். இப்படி ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு சிரித்துப் பேசத் தன்னால் முடியாது. விமான நிலையக் கதவு வழிவிட்டதும் லவுஞ்ச் சோபாவும் இந்தத் திறமைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இதுவும் ஷர்மிளாவுக்குத்தான் வாய்த்திருக்கிறது.

தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிட வேண்டும் என்று இரண்டு மூன்று முறை எழுந்தாள். ஒவ்வொரு முறையும் ஷர்மிளாவின் மேஜையில் யாராவது இருந்தார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் ஷர்மிளா தானே கேட்டு வேறொரு டீமுக்கு மாறிப் போனாள். தலைமை சுபாஸ்ரீக்கு வந்தது. ராகவேந்திரா இப்போது அவளிடமும் சிரித்துத்தான் பேசுகிறார். புனேக்காரர்கள் அவளைத்தான் கேட்கிறார்கள்.

மத்தியானங்களில் கேன்டீனின் அந்தக் கோடியில் ஷர்மிளாவின் புது டீம் உட்காரும். அங்கிருந்து அடிக்கடி ஒரு சிரிப்பலை கிளம்பி வரும். சுபாஸ்ரீயின் மேஜையில் எல்லோரும் மரியாதையாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்கள். அப்படி என்னதான் பேசிச் சிரிக்கிறார்கள் என்று சுபாஸ்ரீ சாப்பாட்டை நிறுத்திக் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாள்.