கே பக்கம்

1
இந்தக் கதை என்னுடையதல்ல. 1986இல் டாவோஸ் ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் என்னோடு கோப்பை கழுவிய சிவலிங்கம் சொன்னது. "எழுதுங்கோ அண்ணை, ஆனா அழுகைப் படமாக்கிப் போடாதேங்கோ" என்று நிபந்தனையும் போட்டவன்.

முதல் தொடக்கம்: வெளியே பனி பொழிந்துகொண்டி

வேண்டாம். சுவிஸ் கதை என்றால் பனி கொட்டியே ஆகவேண்டுமென்று எவன் சொன்னான்?

2
ஹஸான் என்ற யூதக் கிழவர் ஆண்டுதோறும் அந்த ஹோட்டலில் வந்து தங்குவார். இரண்டாம் உலகப் போரில் தங்கையைத் தொலைத்தவர். போரில் இறந்தவர்களின் பெயர்கள் அச்சிட்ட தடித்த புத்தகமொன்று வைத்திருந்தார். புதிய பதிப்பு வந்தால் உடனே வாங்கிவிடுவார். கண் மங்கிவிட்டதால், அந்த ஆண்டு தேடும் வேலை சிவலிங்கத்துக்கு வந்தது.

(ஹஸான் என்று நான் எழுதுவதே அரைகுறை. அதன் முதலில் வரும் எபிரேய ஒலி தொண்டையைக் காறிக்கொண்டு வரும். தமிழில் அதற்கு எழுத்தில்லை, ஆங்கிலத்திலும் இல்லை. ஒருவர் 'எச்' போடுவார், ஒருவர் 'சிஎச்', இன்னொருவர் 'கேஎச்'. ஒரே குடும்பம் புத்தகத்தின் மூன்று மூலைகளில் கிடக்கும். "எங்கட செல்வராசாவும் அப்பிடித்தானே, 'எஸ்'சிலயும் எழுதலாம், 'சிஎச்'சிலயும் எழுதலாம்" என்றான் சிவலிங்கம். செல்வராசா அவன் தம்பி. இரண்டு வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு தகவலே இல்லை.)

3
'எச்' பார்த்தான். இல்லை. 'சி' பார்த்தான். இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் கிழவர் சிரித்தார். 'கே'யைப் புரட்டப் போனபோது கையை வைத்து மறித்தார். இருவருக்கும் தெரிந்த உடைந்த ஜெர்மனில்தான் பேச்சு.

"அது வேண்டாம்."

"அதிலும் இருக்கலாமே, ஐயா."

"இருக்கலாம். நான் அந்தப் பக்கத்தை ஒருநாளும் பார்த்ததில்லை."

இந்த இடத்தில் கிழவர் வாழ்க்கையைப் பற்றி நாலு வரி பேசுவதாக எழுதினேன், வெட்டிவிட்டேன். அவர் செய்தது இவ்வளவுதான்: புத்தகத்தை மூடிவிட்டுத் தேநீர் கேட்டார்.

4
எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. முதற்படியில் 'கோழை' என்றே எழுதியிருந்தேன். உண்மை எதுவானாலும் முகத்துக்கு நேரே பார்க்கவேண்டும் என்பது என் கட்சி.

அடுத்த வருடம், சுவிஸிலேயே ஊஸ்டர் நகரில் இருந்த என் வீட்டுக்குத் தபாலில் ஒரு பட்டியல் வந்தது. ஊரில் இறந்துபோனவர்களின் பெயர்கள், ஆங்கிலத் தட்டச்சில். சேதி சொன்னதும் சிவலிங்கம் ரயிலேறி வந்தான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்களே பாருங்கோ அண்ணை. எஸ் மட்டும்."

ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தேன். "இல்லை" என்றேன். சிரித்தான்.

"சியையும் பாப்பமோ?" என்று கேட்டேன்.

"தேத்தண்ணி இருக்கோ அண்ணை?"

5
தண்ணீர் கொதிக்கிறது. பட்டியல் மேசையில் குப்புறக் கிடக்கிறது. 'கோழை'யை அடித்துவிட்டேன்.

தம்பி பெயர் இருப்பதாக ஒரு முடிவு எழுதினேன், இல்லாததாக இன்னொன்று. இரண்டையும் கிழித்தாயிற்று. எது சரியென்று அறிய நான் பட்டியலின் 'சி' பக்கத்தைப் புரட்டவேண்டும்.

நீங்கள் வேண்டுமானால் புரட்டிப் பாருங்கள். எங்கள் இருவருக்கும் சொல்லவேண்டாம்.