முதல் மெட்டில் சுட்டுவிரல்

பல தந்திகளைச் சேர்த்து மீட்டும் அந்தக் கோர்டில் சுட்டுவிரலுக்குத்தான் பாரம். வாத்தியக் கழுத்தின் முதல் மெட்டில் அது படுத்தபடி இரண்டாம், மூன்றாம் வரிசைத் தந்திகளைச் சேர்த்து அமுக்க வேண்டும். நடுவிரல் இரண்டாம் மெட்டில் நான்காம் வரிசைக்கும், மோதிரவிரல் மூன்றாம் மெட்டில் ஐந்தாம் வரிசைக்கும் போகும். சின்னவிரல் அதே மூன்றாம் மெட்டின் எதிர்க்கரையில் முதல் தந்தியை எட்டிப் பிடிக்கும். லூட் என்ற அந்தப் பழைய ஐரோப்பிய வாத்தியத்தில் தந்திகள் இரட்டை இரட்டையாக இருக்கும். அதனால் சுட்டுவிரலின் கீழ் நான்கு தந்திகள். என் கணவர் அரியரத்தினம் இதை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லியே பழகுவார். எனக்கு வாசிக்கத் தெரியாது, இது மட்டும் மனப்பாடம்.

2006இல் துபாய் அல் குசைஸில் இருந்தோம். அவருடன் வேலைபார்த்த ஒல்லாந்துக்காரர் ஒருவர் நாடு திரும்பும்போது விட்டுப்போன லூட் அது. யாழ்ப்பாணத்தில் கிற்றார் வாசித்த கை சீக்கிரம் பழகிக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலைகளில் ஏசியை நிறுத்திவிட்டு உட்காருவார்.

"ஏசியைப் போடுங்கோப்பா, அவிஞ்சு சாகிறன்."

"குளிர் பட்டா சுருதி போயிடும்."

"தந்தியைப் பாக்கிற மாதிரிப் பெண்சாதியையும் பாருங்கோ."

"பெண்சாதிக்குச் சுருதி எப்பவோ போயிட்டுது."

அந்த மார்கழியில் கோர்டின் நடுவே ஒரு ஒலி செத்து வந்தது. இரண்டாம் வரிசை சரியாக அமுங்கவில்லை. ஒரு பாட்டு முழுவதும் நன்றாக வந்து, அந்த இடத்தில் மட்டும் விர்ரென்று இரையும்.

"கை வைக்கிற விதம் பிழை, கோசலா. பெருவிரல் மேல ஏறிக் கிடக்கு."

பெருவிரலைக் கழுத்தின் பின்னால் கீழே இறக்கினார். சில வாரம் சரியாக இருந்தது, பிறகு மறுபடி இரைந்தது. அப்போது எங்கோ படித்துவிட்டு வந்து, பெருவிரலால் நெரிக்கக் கூடாது, முழங்கையின் பாரத்தால் தந்தியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும் என்றார். ஒலி தெளிந்தது. பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"பாரும், இனி இவர் தேவையில்லை!"

அன்று கராமாவுக்குப் போய் மசாலா தோசை சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

மாசியில் சுட்டுவிரலால் இரண்டு வரிசையைத் தாங்க முடியவில்லை. நடுவிரலைத் துணைக்குக் கொண்டுவந்து, நான்காம் வரிசையைக் கைவிட்டார். "ஒண்டு குறைஞ்சா ஆருக்குத் தெரியப்போகுது?" கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. சட்டைப் பொத்தானை நான் பூட்டிவிடத் தொடங்கியபோதும், விரல் களைத்துப்போனதென்றுதான் இருவரும் பேசிக்கொண்டோம்.

கடைசியில் மருத்துவரிடம் போனபோது, எப்போதிலிருந்து என்று கேட்டார். என் கணவர் அந்தக் கோர்டைப் பற்றிச் சொன்னார். மருத்துவர் இடது கையை மேசையில் வைக்கச் சொல்லி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தொட்டார். அங்கே சதை இல்லை, குழி விழுந்திருந்தது. ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் அதைக் காணவில்லை. தசைகளை இயக்கும் நரம்புகள் இறந்துகொண்டிருக்கின்றன, மற்றக் கைக்கும் பிறகு மூச்சுக்கும் வரும், மருந்தில்லை என்றார்.

வேலை போனது. விசா முடியும்வரை வீட்டில் இருந்தோம். ஒரு வெள்ளி அவரே லூட்டைக் கேட்டார். மடியில் வைத்து, இடது கையை எடுத்துத் தொடையில் கிடத்தினார்.

"நீர் பிடியும்."

பின்னாலிருந்து கை கொடுத்து, மனப்பாடமாக இருந்தபடி விரல்களை வைத்தேன். தந்தி விரலை வெட்டியது. வலது கையால் மீட்டினார். எல்லா வரிசையும், ஒன்று குறையாமல், சுத்தமாக ஒலித்தன.

"ஆ!" என்றார். "சரி, அடுத்தது."

"எனக்கு இதொண்டுதான் தெரியும்."

"அடுத்ததைச் சொல்லித்தாறன், லேசு. சுட்டுவிரலை எடும்."

சொன்னார். நான் வைத்தேன், வரவில்லை. இன்னொரு முறை சொன்னார், அதுவும் வரவில்லை. "சரி, பழசையே பிடியும்" என்றார். அதையே திரும்பத் திரும்ப மீட்டினார். அது பாட்டாகவில்லை. என் விரல்கள் வழுக்கத் தொடங்கும்வரை மீட்டினார்.

ஆவணியில் வலது கையும் போயிற்று.